வெறுங்கூடை ஆடும்

அன்புள்ள முத்துவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அக்காவும் குழந்தையும் நலம். வான்கூவரில் இன்னும் மழை விடவில்லை என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. "ஒரு படத்துக்காகக் கம்ப்யூட்டர்ல ஒரு சந்தை செய்யறேம்மா. நானூறு பேர். நடக்கறாங்க, கையை ஆட்டறாங்க, ஆனா உயிரே இல்லைன்னு சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிட்டார். சினிமாவுல துணை நடிகையா கூட்டத்துல நிக்கும்போது நீ என்னதாம்மா செய்வே?" என்று கேட்டாய். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கூட்டத்துக்கு ஆள் சேர்த்து அனுப்புகிற ஏஜென்ட் கேட்டதில்லை, டைரக்டர் கேட்டதில்லை, உன் அப்பா இருந்தவரை அவரும் கேட்டதில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இரண்டு நாளாக யோசித்து வைத்ததை எழுதுகிறேன். நிதானமாகப் படி.

1998இல் நீ ஒன்றாம் வகுப்பு. எதிர்வீட்டு அக்காதான் என்னை அழைத்துப் போனார். சாலிகிராமத்தில் ஏஜென்ட் வீட்டு வாசல், விடியற்காலை ஐந்து மணிகூட ஆகவில்லை. பெண்கள் வரிசையாக நின்றோம். அவர் டீ குடித்துக்கொண்டே "நீ, நீ, அப்புறம் நீ" என்று விரலை நீட்டிக்கொண்டே வந்தார். எந்தப் படம், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. வெளுப்பாக இருந்தவர்களை ஒரு வண்டியில் ஏற்றினார்கள். அது ஓட்டல் பார்ட்டி சீனுக்கு, அதற்குப் பெயர் ரிச் க்ரவுட், சம்பளமும் கூட. எங்களை இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள். கிராமம், குப்பம், ஆஸ்பத்திரி வராந்தா, ஊர்வலம், இதெல்லாம் எங்கள் பங்கு. என் நிறத்துக்கு எந்த வேலை என்பதை அன்றைக்கு ஒருவர் விரலை நீட்டி முடிவு செய்தார். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிற விஷயம்தான்.

வண்டி செங்கல்பட்டு பக்கம் போய் நின்றது. அங்கேயும் சந்தைதான், நீ இப்போது செய்வது போல. காஸ்ட்யூமர் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, கொடுத்த மூங்கில் கூடையை இடுப்பில் வைத்து நின்றேன். எங்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார், எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுவோம். அவர் வந்து என் கூடையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். "என்னடி, வெறுங்கூடை?" என்றார். பக்கத்து வயலிலிருந்து இரண்டு கல்லை எடுத்து உள்ளே போட்டு, மேலே என் துண்டைப் போட்டு மூடினார். "வெறுங்கூடை ஆடும். ஆடினா பொய்யின்னு தெரிஞ்சிடும்" என்றார்.

கல்லைத் தூக்கினதும் என் உடம்பே மாறிவிட்டது முத்து. இடுப்பு தானாக ஒரு பக்கம் ஒடிந்தது. எதிர்த் தோள் இறங்கியது. கொஞ்ச தூரம் நடந்ததும் கூடையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ளத் தோன்றியது. யாரும் சொல்லித்தரவில்லை. கனம் சொல்லித்தந்தது. உன் நானூறு பேர் கையில் இருக்கிற பைகளுக்குக் கனம் இருக்கிறதா என்று முதலில் பார்.

அப்புறம், அவர்கள் எங்கே போகிறார்கள்? அசிஸ்டென்ட் டைரக்டர் எங்களிடம் "இங்கேருந்து அங்கே பாஸ் ஆகுங்க" என்று மட்டும்தான் சொல்வார். அந்த "அங்கே" என்பது லைட் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மூலை. அந்த மூலைக்கு யார் ஆசைப்பட்டுப் போவார்கள்? அதனால் நானே ஒரு காரியம் வைத்துக்கொள்வேன். வெங்காயம் வாங்கியாயிற்று, கருவாடு வாங்கவில்லை, பஸ் வந்துவிடும். அப்படி நினைத்துக்கொண்டால் கால் வேகம் பிடிக்கும், கண் தானாகக் கடைகளைத் தேடும். ஒரு நாளில் பதினெட்டு டேக் போனபோதும் எனக்குக் கருவாடு பாக்கி இருந்தது.

சந்தையில் நடப்பவர்களைவிட நிற்பவர்கள்தான் அதிகம். கோயம்பேட்டுக்கு உன்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேனே, அதை நினைத்துப் பார். யாரும் தனித்தனியாக ஒரே இடைவெளி விட்டு நடப்பதில்லை. இரண்டு பேர், மூன்று பேர், பின்னால் முந்தானையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை. வழியில் சாணி கிடந்தால் வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றித்தான் போவார்கள். கீரை வாங்குகிறவள் கட்டை எடுத்து ஒரு உதறு உதறுவாள், தண்ணீர் தெறிக்கும், பக்கத்தில் நிற்கிறவள் புடவையை இழுத்துக்கொண்டு நகர்வாள். கீரையை உதறுகிறவளை எல்லாரும் செய்வார்கள். நகர்கிறவளையும் செய். அவள் இருந்தால்தான் அது சந்தை.

ஒரு சண்டை நடக்கிறது என்றால் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பும், பார்த்திருப்பாய். அது எங்கள் தப்பு. "ஆக்‌ஷன்" சத்தத்தைக் கேட்டுத் திரும்பிவிடுவோம். நிஜத்தில் பக்கத்தில் இருப்பவன் முதலில் திரும்புவான். அவன் திரும்பியதைப் பார்த்து அடுத்தவன் திரும்புவான். குழந்தை வைத்திருப்பவள் முதலில் குழந்தையைப் பார்த்து இழுத்து அணைத்துக்கொண்டு, அப்புறம்தான் சத்தம் வந்த பக்கம் பார்ப்பாள். வயதானவர்களுக்குக் கழுத்து மட்டும் திரும்பாது, உடம்போடு திரும்ப வேண்டும். இரண்டு பேர் திரும்பவே மாட்டார்கள், அவர்களுக்கு வியாபாரம் முக்கியம். இதைப் பெரியக்கா எங்களுக்குள் பிரித்தே கொடுப்பார். நீ இரண்டாவது, நீ நாலாவது, நீ பார்க்கவே பார்க்காதே.

பேசுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் எல்லாம் டப்பிங், அதனால் சத்தமாகவே பேரம் பேசுவோம். படம் எடுக்கும்போதே குரலையும் பதிவு செய்கிற லைவ் சவுண்ட் வந்த பிறகு வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, வளையலுக்குள் துணியைச் சுற்றிக்கொண்டு இருநூறு பேர் சிரித்தோம், துளி சத்தமில்லை. அப்போதும் நான் நிஜ வார்த்தைகளைத்தான் உதட்டில் சொல்வேன். சும்மா வாயை மெல்லுகிறவர்களைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

நீ சொன்ன பெரிய கூட்டத்து விஷயத்துக்கு வருகிறேன். அட்டன்பரோ எடுத்த "காந்தி" படத்தின் இறுதி ஊர்வலத்தில் மூன்று லட்சம் பேர் இருந்தார்கள் என்று நீதான் சின்ன வயதில் எங்கேயோ படித்துச் சொன்னாய். 1981 ஜனவரி 31, காந்தி தகனம் நடந்து முப்பத்து மூன்று வருஷம் ஆன அதே நாளில், தில்லி ராஜபாதையில் எடுத்தார்கள். அதில் பெரும்பாலோர் கூலி வாங்காமல் தாங்களே வந்தவர்கள். அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டத்தின் பின்வரிசைகளைத்தான் பார்ப்பேன். நடிக்க வந்த மாதிரி இருக்காது, சாவுக்கு வந்த மாதிரி இருக்கும். எங்களுக்கு அது கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

அதுவும் ஒரு கூட்டம். நீயும் நானும் சேர்ந்து பார்த்த இன்னொரு கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஆறாம் வகுப்பு. விளையாட்டுப் போட்டி சீன். மைதானம் நிறையக் கூட்டம் வேண்டும், ஆனால் கம்பெனி அழைத்திருந்தது எங்கள் தொண்ணூறு பேரை. கேமராவை ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிறுத்தி, அதன் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். இடது ஓரத்து கேலரியில் எங்களை உட்காரவைத்து ஒரு நிமிஷம் கத்தச் சொன்னார்கள். கட். உடனே அடுத்த பகுதிக்கு ஓட வேண்டும். எல்லாப் பகுதியையும் பிறகு ஒன்றாக ஒட்டி, மைதானம் நிறைந்த மாதிரி காட்டுவார்கள். ஓடும்போதே துண்டை மாற்றிக்கொள், தொப்பியைப் பக்கத்து ஆளுக்குக் கொடு, கண்ணாடி போட்டுக்கொள். வெயில் நகர்ந்தால் நிழல் மாறிவிடும், அதனால் தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை. படி ஏறி இறங்கி ஏறி இறங்கி, சாயங்காலம் வண்டியில் ஏற ஒருவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

படம் வந்ததும் தியேட்டரில் நீ என் மடியில் எழுந்து நின்று எண்ணினாய். "அம்மா, மேலே மூணாவது வரிசையில நீ. இந்தப் பக்கமும் நீ!" ஏழு இடத்தில் கண்டுபிடித்தாய். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோன்றியது: ஏழு பேர் இருந்த இடத்தில் நான் ஒருத்தி இருந்தேன், சம்பளம் ஒருத்திக்கு. மீதி ஆறு பேர் அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

உன் வேலையை நான் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே கண்ணு. நீ அந்த ஊரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் நீ கேட்டதற்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதி இதுதான்.

எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிற வவுச்சரில் பெயர் இருக்காது. "லேடீஸ் 40" என்று எழுதி, கீழே ஏஜென்ட் கையெழுத்துப் போடுவார். பணம் அவர் கைக்குப் போய், அவர் கழித்துக்கொண்டு, எங்களுக்கு வரும். முதல் நாள் என் கைக்கு வந்தது 150 ரூபாய். நல்ல ஏஜென்ட்டுகளும் உண்டு. கம்பெனியிலிருந்து பணம் வராதபோது தன் கையிலிருந்து கொடுத்தவர் இருக்கிறார், உன் டைபாய்டு காய்ச்சலுக்கு அட்வான்ஸ் தந்தவர் அவர்தான். இன்னொருவர் சங்க அட்டை வாங்கித் தருகிறேன் என்று எட்டாயிரம் வாங்கிக்கொண்டு போனவர், வரவே இல்லை. என் கம்மல் பஸ்ஸில் தொலைந்துபோனது என்று உங்களிடம் சொன்னேன். தொலையவில்லை. அந்த எட்டாயிரம் அதுதான். இப்போது வாசலில் நிற்க வேண்டியதில்லை, எல்லாம் வாட்ஸ்அப். "40 லேடீஸ், 35 முதல் 50 வயது, சொந்த காட்டன் புடவை, ஏழு மணி, வடபழனி" என்று வரும். முதலில் பதில் போடுகிறவருக்கு வேலை. பணம் மட்டும் இரண்டு மாதம், மூன்று மாதம் கழித்துத்தான் வரும்.

2020 மார்ச்சில் படப்பிடிப்பு நின்றபோது நீ அனுப்பிய பணத்தில்தான் இங்கே இரண்டு குடும்பம் சாப்பிட்டது, எதிர்வீட்டு அக்காவுக்கும் சேர்த்துத்தான். மே மாதக் கடைசியில் சீரியலுக்கு 60 பேர் வரை இருக்கலாம் என்றார்கள். செப்டம்பரில் சினிமாவுக்கு 75 பேர் என்று அனுமதி வந்தது. கேமரா, லைட், மேக்கப், நடிகர்கள், சாப்பாடு போடுகிறவர்கள் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். கடைசியில் கணக்கில் இடம் இல்லாமல் போனது எங்களுக்குத்தான். பெரியக்கா அந்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். எத்தனையோ சாவு சீனில் நின்றவர், அவருடைய சாவுக்கு ஆறு பேர்தான் போக முடிந்தது.

2023இல் அமெரிக்காவில் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நீ எனக்குச் செய்தி அனுப்பினாய். 118 நாள் நடந்தது. பின்னால் நிற்கிறவர்களின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் எடுத்து, ஒரு நாள் சம்பளம் கொடுத்துவிட்டு, அந்த உருவத்தைக் காலத்துக்கும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று சங்கம் சொன்னது. தயாரிப்பாளர்கள் தரப்பு அதை மறுத்தது. கடைசியில், அவரவர் சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்ய முடியாதபடி ஒப்பந்தம் எழுதினார்கள். அந்த நாள் எனக்கு எங்கள் தெருவில் ஏதோ நல்லது நடந்த மாதிரி இருந்தது. இங்கே அப்படி ஒரு தாளில் என் பெயர் எழுதி யாரும் கேட்டதில்லை.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். உன் சந்தையில் இருக்கிற அந்த நானூறு முகங்கள் யாருடையவை? யாரையாவது நிறுத்தி ஸ்கேன் எடுத்ததா? எடுத்தால், எதற்கு என்று அவர்களுக்குச் சொன்னார்களா, இந்தப் படத்துக்கு மட்டுமா, அடுத்த படத்துக்கும் போகுமா? நீ சின்னப் பொறுப்பில் இருக்கிறாய், உன்னால் எதையும் மாற்ற முடியாமல் இருக்கலாம். ஆனால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விசாரித்து எனக்கு எழுது.

நாளைக்கு நாலே முக்காலுக்கு எழுந்திருக்க வேண்டும். வளசரவாக்கத்தில் ஒரு சீரியல் கல்யாணம், ஆறாவது நாள். ஆறு நாளும் அதே மாம்பழக் கலர் பட்டு, கண்டினியூட்டி மாறக்கூடாது. புடவையை வெயிலில் காட்டி மடித்து வைத்துவிட்டேன், ஜாக்கெட்டை மட்டும் அலசிப் போட்டிருக்கிறேன். நான் பந்தியில் மூன்றாவது வரிசை. காலையில் இலையில் வைத்த சாதத்தைத்தான் சாயங்காலம் வரை பிசைய வேண்டும். நேற்று என் பக்கத்தில் ஒரு புதுப்பெண் வெறுமனே கையை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். அப்பளத்தை உடைத்துப் பக்கத்து இலைக்குக் கொஞ்சம் வை என்று சொல்லிக்கொடுத்தேன். வைத்தாள். முகமே மாறிவிட்டது அவளுக்கு.

ஷாட்டை வெளியே காட்டக்கூடாது என்பாய், தெரியும். படம் வந்த பிறகு பெயரை மட்டும் சொல். அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கீரைக்கடைக்குப் பக்கத்தில் புடவையை இழுத்துக்கொண்டு நகர்கிறவளைத் தேடுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா