வாசிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, இந்த ஆண்டு சீக்கிய சமயத்தின் முதல் குருவான குருநானக்கைப் பற்றிய கதைகளை ஒதுக்கிவிட்டு அவர் பாடியவற்றையே வாசித்தோம். சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் அவர் பாடல்கள் 974 என்பது வழக்கமான கணக்கு. அந்நூலின் முதல் பாட்டான ஜப்ஜியின் 38 பௌரிகளும் (பத்திகள்) முன்னும் பின்னும் உள்ள சலோகங்களும் (சிறு பாக்கள்) முடிந்தன. ஆசா தி வார் என்ற நெடும்பாட்டு பாதியில் நிற்கிறது.

ஈற்றடியில் 'நானக்' என்ற முத்திரை வந்தாலே அவர் பாட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்வந்த குருமார்களும் அதே முத்திரையில்தான் பாடினார்கள். தலைப்பில் 'மஹலா 1' (முதல் குரு) என்றிருந்தால் மட்டுமே குருநானக்; 2 குரு அங்கத், 3 குரு அமர்தாஸ், 5 குரு அர்ஜன்.

அதிக நேரம் எடுத்தது எழுத்துப்பெயர்ப்பு, அதாவது மூலத்தின் குர்முகி எழுத்துகளைத் தமிழ் எழுத்தில் தருவது. குர்முகியில் சொல்லின் கடைசியில் வரும் குறில் இகரமும் உகரமும் பெரும்பாலும் ஒலிப்பதில்லை. இலக்கணக் குறியாக நிற்கும். நூலின் தொடக்கமான மூலமந்திரத்தை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால், 'உண்மை என்னும் பெயர்' என்று பொருள்படும் சொற்கள் 'சதி நாமு' என்று வரும். உண்மையைச் சொல்லும் இடத்தில் தமிழ்க் காதுக்குச் சூழ்ச்சி கேட்கும்! 'ஸத் நாம்' என்றே அச்சிட வேண்டும், கைப்பிரதியில் திருத்தியாயிற்று. ஆனால் 'நாமு' என்பதில் உள்ள உகரம் ஒருமையைக் காட்டுவது. அதனால் பொருள் காணும்போது குர்முகி மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதே மந்திரத்தில் முதலில் நிற்பது எழுத்தல்ல, 1 என்ற எண். 'ஓங்காரம்' என்று மட்டும் பெயர்த்தால் அந்த ஒன்று காணாமல் போகும். குருநானக்கின் உபதேசம் முழுவதும் அந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

முதல் பௌரியின் 'சோசை சோச்' பற்றி நீண்ட விவாதம். இந்தி வழியே வருபவர்கள் 'சிந்தித்தல்' என்கிறார்கள். சௌசம், அதாவது உடல் சுத்தம் என்று கொள்ளும் உரையே சரி என்று படுகிறது: லட்சம் முறை கழுவினாலும் உள்ளம் தூய்மையாகாது. அடுத்த அடியில் மௌன விரதம் வருவதால் வரிசையும் பொருந்துகிறது.

பல்லவி போல வரும் 'ரஹாவ்' அடியை முதலில் தேடிப் படிக்கும் முறை நல்ல பலன் தந்தது; பாட்டின் கரு அங்கேதான் இருக்கும். பாபரின் படையெடுப்பைப் பாடும் 360-ஆம் பக்கப் பாடலில் தொடக்க அடிகளை மட்டும் படித்தால் இறைவனிடம் வைக்கும் முறையீடாக நின்றுவிடும். ரஹாவில்தான் காரணம் இருக்கிறது: படைத்தவனே, நீ எல்லோருக்கும் உரியவன், வலியவனை வலியவன் அடித்தால் மனம் குமுறாது. எளியவர்மீது விழுந்த அடிக்காகவே கேட்கிறார்.

துண்டறிக்கையில் வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமாகப் போதும். 1469-இல் தல்வண்டியில் (இன்றைய நன்கானா சாகிப்) பிறப்பு, சுல்தான்பூர் லோதியில் தானியக் கிடங்கு வேலை, ரபாப் என்ற நரம்பிசைக் கருவி வாசித்த மர்தானாவோடு நெடும் பயணங்கள், கடைசியில் ராவி நதிக்கரைக் கர்தார்பூரில் உழவு, 1539-இல் மறைவு. பிறந்தநாளைக் கார்த்திகைப் பௌர்ணமியில் கொண்டாடுகிறார்கள். பழைய ஜனம்சாகி (குருநானக்கின் வாழ்க்கைக் கதைகள்) மரபில் வைசாக மாதம். இரண்டையும் போட்டுவிடலாம்.

வரும் ஆண்டில் ஆசா தி வாரின் மீதியும், குர்முகியின் 35 எழுத்துகளைக் கொண்டு குருநானக் பாடிய 'பட்டி'யும் எடுக்க உத்தேசம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். எழுத்துப்பெயர்ப்பைச் சரிபார்க்கக் குர்முகி படிக்கத் தெரிந்த இருவர் தேவை. விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் கொடுக்கவும்.

செயலாளர்