திருவாதிரையும் எக்ஸ் கதிரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த எக்ஸ் கதிர் தொலைநோக்கிகள் பற்றிய கட்டுரையில், கருந்துளை, வெடித்துச் சிதறிய விண்மீன் என்று பெரிய சங்கதிகளை நன்றாகவே சொல்லியிருந்தார்கள். சுருங்கி விரிவதால் ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. எனக்கு அது பெரிய குறை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வெறுங்கண்ணால் பார்த்தே பங்கெடுக்கக்கூடிய துறை அது.

அவற்றில் ஒன்றான டெல்டா செஃபி விண்மீனின் ஒளி 5 நாள் 9 மணிக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் கூடிக் குறைகிறது. 1784-இல் இதைக் கண்டுபிடித்த ஜான் குட்ரிக்குக் காது கேட்காது, வயது இருபது. அதன் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 6,000 டிகிரிதான். எக்ஸ் கதிர் பிறக்கவோ பல லட்சம் டிகிரி வேண்டும். ஆனாலும் ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்வெளித் தொலைநோக்கியும், நம் சந்திரசேகர் பெயரைத் தாங்கிய அமெரிக்காவின் சந்திரா தொலைநோக்கியும் அதிலிருந்து எக்ஸ் கதிரைப் பிடித்தன. விண்மீன் நன்றாக விரிந்து நிற்கும் கட்டத்தில் எக்ஸ் கதிர் சுமார் நான்கு மடங்கு எகிறுகிறது! கண்ணுக்குத் தெரியும் ஒளி உச்சம் தொடுவது வேறொரு நேரத்தில். அதிர்ச்சி அலையா, காந்தப்புலமா காரணம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எக்ஸ் கதிர் எந்தக் கட்டத்தில் கூடியது என்று சொல்வதற்கே சாதாரண ஒளியின் கணக்கு கையில் இருக்க வேண்டும். அதைத் தரையிலிருந்து எடுக்கலாம்.

ஓரியன் விண்மீன் குழுவின் ஒரு தோளாகத் தெரியும் திருவாதிரையும் இந்தச் சாதிதான். 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் பொலிவெண் 1.6 வரை இறங்கியது (எண் கூடினால் ஒளி குறைவு). மொட்டை மாடியில் நின்று, ஓரியனின் மற்றத் தோளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஒரு மாணவி, "அணைஞ்சு போயிருமா சார்?" என்று கேட்டாள். அதே பிப்ரவரியில் சந்திராவும் திருவாதிரையைக் குறிவைத்தது. எக்ஸ் கதிர் அகப்படவில்லை. விண்மீன் கக்கிய வாயு தூசியாகி மறைத்ததே மங்கலுக்குக் காரணம் என்று பிறகு விளக்கினார்கள்.

மார்கழித் திருவாதிரைக்குத் நெல்லையப்பர் கோயில் தாமிரசபையில் விடிய விடியக் காத்திருக்கும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்த விண்மீனை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்? இந்தியாவின் எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள்களான அஸ்ட்ரோசாட் (2015), எக்ஸ்போசாட் (2024) இரண்டையும் கொண்டுபோனது பிஎஸ்எல்வி. அதன் இரண்டாம் கட்டத்து விகாஸ் என்ஜினைச் சோதிக்கும் மகேந்திரகிரி எங்கள் ஊருக்குப் பக்கத்து மலை. ராக்கெட் பற்றி இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது சுமந்துபோன கருவி எதைப் பார்க்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். மார்கழி இதழில் அரைப் பக்கத்துக்கு ஒரு வான்படம் போடுங்கள். திருவாதிரையைச் சுற்றி புரோசியான் 0.4, ரோகிணி 0.9, பெல்லாட்ரிக்ஸ் 1.6 என்று பொலிவெண்களையும் குறித்துவிடுங்கள். திருவாதிரை எவற்றுக்கு இடையில் நிற்கிறது என்று தேதி, நேரத்தோடு வாராவாரம் எழுதிவைத்தால் போதும். நிலா பக்கத்தில் நிற்கும் நாட்களை மட்டும் விட்டுவிடலாம். மாறும் விண்மீன்களுக்கென 1911-இல் தொடங்கிய அமெரிக்கச் சங்கம் பொதுமக்களின் கணிப்புகளையும் ஏற்றுக்கொள்கிறது. அனுப்பும் முறையையும் படத்துக்குக் கீழே அச்சிட்டால், பொங்கல் விடுமுறையிலேயே பிள்ளைகளை உட்கார்த்தி வைத்து நான் தொடங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
பணகுடி, திருநெல்வேலி மாவட்டம்.