ஆக்சுவரி ஆக விரும்பும் உன் மகளுக்காக

மும்பை

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மகிழ்ந்தேன். கணிதத்தில் பட்டம் பெற்ற உன் மகள் ஆக்சுவரி (காப்பீடு போன்றவற்றில் வருங்கால அபாயத்தையும் செலவையும் கணக்கிட்டு மதிப்பிடுபவர்) ஆக விரும்புகிறாள் என்றும், எல்லாக் கணக்கையும் கணினியே போட்டுவிடும் காலத்தில் அத்தொழில் நிலைக்குமா என்றும் கேட்டிருந்தாய்.

கணக்குப் போடும் வேலை பெரும்பாலும் மென்பொருளுக்குப் போய்விட்டது உண்மைதான். ஆனால் எந்த அனுமானத்தை வைத்துக் கணக்கிடுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்து, காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 20 ஆண்டுகள் கழித்து 10 லட்சம் ரூபாய் உறுதியாகக் கிடைக்கும் என்று ஒரு பாலிசியை விற்பதாக வைத்துக்கொள். இறப்பையும் செலவையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 7 சதவீத வட்டி கிடைக்கும் என்று நம்புகிறவர் இன்று சுமார் 2.58 லட்சம் வாங்கினால் போதும்; 6 சதவீதம்தான் கிடைக்கும் என்பவர் சுமார் 3.12 லட்சம் வாங்க வேண்டும். விற்பனைப் பிரிவு முதல் தொகையைத்தான் விரும்பும். பிரீமியத்தை ஆண்டுதோறும் வாங்கும் திட்டமென்றால் சிக்கல் இன்னும் பெரிது. பத்தாம் ஆண்டில் வரும் பணத்தை அன்றைய வட்டிக்குத்தான் முதலீடு செய்ய முடியும், வாக்குறுதியோ இன்றைக்கே கொடுத்தாகிவிட்டது. இந்த இடத்தில் "முடியாது" என்று சொல்வதற்காகவே ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் நியமன ஆக்சுவரி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது. இத்தொழிலின் உயிர் அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

வேலைக்கும் குறைவில்லை. காப்பீட்டு ஒப்பந்தங்களுக்கான கணக்கியல் தரமான இண்ட் ஏஎஸ் 117, 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அதன்படி, பாலிசியில் எதிர்பார்க்கும் லாபத்தை விற்ற அன்றே காட்டாமல், சேவை அளிக்கும் ஆண்டுகளுக்கெல்லாம் பிரித்துக் காட்ட வேண்டும். நிறுவனம் ஏற்கும் அபாயத்துக்கு ஏற்ற அளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்ற முறைக்கும் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் தயாராகி வருகிறது. மருத்துவக் காப்பீட்டில், வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, ஏறிக்கொண்டே போகும் மருத்துவச் செலவுக்கு விலை வைப்பது எப்படி என்பதற்கு இன்னும் நல்ல விடை கிடைத்தபாடில்லை.

என் கவலை வேறு. குருகிராமிலும் பெங்களூரிலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்காக இயங்கும் அலுவலகங்கள் இளைஞர்களை நல்ல சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. ஆனால் ஒரு பெரிய வேலையின் சிறு துண்டை மட்டும் ஆண்டுக்கணக்கில் செய்கிறவருக்கு, முழுப் பாலிசியும் எப்படி உருவாகிறது என்பது கண்ணிலேயே படுவதில்லை. அவள் முதலில், சம்பளம் குறைவானாலும், நம் நாட்டுக் காப்பீட்டு நிறுவனத்திலோ பணிக்கொடை மதிப்பீடு செய்யும் சிறு ஆலோசனை நிறுவனத்திலோ சேரட்டும்.

தேர்வுகளை வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். ஏசெட் நுழைவுத் தேர்வில் தேறினால் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தில் மாணவ உறுப்பினராகலாம். அதன்பின் ஃபெல்லோ, அதாவது முழுத் தகுதி பெற்ற ஆக்சுவரி, ஆகப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஒரே தாளை இரண்டு மூன்று முறை எழுதுவது இங்கே சாதாரணம், அதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதே. புள்ளியியலுக்கான ஆர் என்ற கணினி மொழியை இப்போதே பழகட்டும். சிஎஸ்1 என்னும் புள்ளியியல் தாளின் ஒரு பகுதியைக் கணினியில் அதைக் கொண்டுதான் எழுத வேண்டும்.

நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டுமுன் சிஎம்1 என்னும் ஆக்சுவரி கணிதப் பாடத்தின் முதல் சில அத்தியாயங்களைப் படித்துப் பார்க்கச் சொல். அவளுக்குப் பிடித்திருந்தால் எனக்கு எழுதட்டும். எந்தெந்த நிறுவனங்களில் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று விசாரித்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
வேலு