நாய்க்குச் செலவழித்த காசு பற்றி மகனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து நம் ஒழுங்கையில் திரியும் கறுப்பிக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தேன் என்று நான் தொலைபேசியில் சொன்னபோது, "மனிதருக்கே இல்லாத நாட்டில் நாய்க்கு எதற்கம்மா இவ்வளவு?" என்று கேட்டாய். மெல்பேர்னில் நீ இரவு வேலையும் பார்த்துச் சேர்க்கும் காசு அது. கேட்பதற்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறுதலாக எழுதுகிறேன், ஆறுதலாகவே வாசி.

முதலில் கறுப்பியின் கணக்கு. ஒரு பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாள் சுமந்து குட்டி போடும். ஆண்டுக்கு இரண்டு தடவையும் போடக்கூடும். சென்ற முறை அது ஈன்ற குட்டிகளில் பெரும்பாலானவை காலி வீதியில் பேருந்துச் சில்லுகளுக்குள் போயின. ஒன்றை யாரோ பையில் போட்டுக் கொண்டுபோய்ச் சந்தைப் பக்கம் விட்டார்கள். கடைசியாக எஞ்சியது சொறி பிடித்து, இளைத்து, நம் மதிலோரத்திலேயே செத்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, மறுநாள் காலையில் தாய்க்குப் பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துப் போடுவதை இரக்கம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. சோறு மட்டும் போட்டுவிட்டுக் கருத்தடையைப் பற்றி நினைக்காதவர்கள் உண்மையில் கட்டாக்காலி நாய்களின் தொகையையும் அவற்றின் துன்பத்தையும் பெருக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இதை நான் சொன்னால் இங்கே சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

சத்திரசிகிச்சையோடு கறுப்பிக்கு விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டார்கள். உன் கேள்விக்கான பதிலில் பாதி அந்த ஊசியில்தான் இருக்கிறது. 1973 ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். அந்த நோய்க்கு ஒரு கொடூரமான குணம் உண்டு: அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. இன்று சனத்தொகை அன்றைக்கிருந்ததைவிட எவ்வளவோ கூடியிருந்தும், ஆண்டுக்கு இறப்பவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கடிபட்டவர்களுக்கு இலவசமாகப் போடும் ஊசி ஒரு காரணம். நாய்களுக்கே ஊசி போட்டது அதைவிட அடிப்படையான காரணம். ஓர் இடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் நாய்க்கு நாய் தொற்றிப் போகும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த எழுபதில் ஒன்று நம் கறுப்பி. முச்சக்கர வண்டியில் கூட ஏற வசதியில்லாமல் நடந்தே பள்ளிக்கூடம் போய்வரும் பிள்ளைகளை அந்த ஊசியும் காக்கிறது. ஆகவே மனிதருக்கா நாய்க்கா என்று நீ பிரித்துக் கேட்டது, இந்த விடயத்தில் மட்டுமாவது, பொருந்தாது.

முன்னொரு காலத்தில் மாநகர சபை நாய் பிடிக்கும் வண்டியை அனுப்பும். 1893 ஆம் ஆண்டிலிருந்தே விசர்நாய்க் கட்டளைச் சட்டம் இருந்தது. பிடிப்பதும் கொல்வதும் பல பத்தாண்டுகளாக நடந்தன. கொன்ற இடம் வெறுமையாக இருப்பதில்லை. குப்பையும் சாப்பாட்டுக் கடைக் கழிவும் அப்படியே கிடக்கும்போது, அடுத்த தெருவிலிருந்து ஊசி போடாத வேறு நாய்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 2006 ஆம் ஆண்டில் கொல்வதில்லை என்ற கொள்கைக்கு அரசாங்கம் வந்தது. அதற்குப் பின்னர் பிடித்து, கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது வழக்கமாயிற்று. கொழும்பில் இரக்கம் இவ்வாறு ஒரு நடைமுறையாக மாறியதை நான் என் கண்ணால் கண்டேன். (உன்னைச் சின்ன வயதில் நாய் பிறாண்டியபோது உன் அப்பம்மா மஞ்சளையும் சுண்ணாம்பையும் தேடி ஓடினார். இன்று யாரைக் கடித்தாலும் நான் சொல்வது ஒன்றுதான்: சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவு, பிறகு தாமதிக்காமல் ஊசிக்குப் போ.)

கறுப்பி நம் ஒழுங்கைக்கு வந்தது 2020 ஊரடங்குக் காலத்தில். சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கழிவை நம்பி வாழ்ந்த நாய்களும் பூனைகளும் வாசல்தோறும் வந்து நின்றன. ஒழுங்கையில் உள்ளவர்கள் முறை வைத்துச் சோறு காய்ச்சினோம். அதற்கு முன்னர், பக்கத்து வாசலில் குடியிருக்கும் முச்சக்கர வண்டிக்காரருடன் நான் வாடகை பேசியதைத் தவிர வேறொன்றும் பேசியதில்லை. அவருக்குத் தமிழ் வராது, என் சிங்களம் அவருக்குச் சிரிப்பை வரவழைக்கும். எதிர்வீட்டு ஹாஜியார் நாயைத் தொட மாட்டார். ஆனால் வாசலில் இருக்கும் தண்ணீர்ச் சட்டியை இன்றுவரை தவறாமல் நிரப்புபவர் அவர்தான். தாகத்தால் நாக்கைத் தொங்கவிட்டு நின்ற நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்த ஒருவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று நபியவர்கள் சொன்னதை அவர் எனக்குச் சொன்னார். நம்மவர்கள் பங்கிற்கு ஊரில் வைரவருக்கு வடைமாலை சாத்திவிட்டு, திரும்பி வரும் வழியில் அவருடைய வாகனமான நாய்க்குக் கல்லெறிந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்தச் சோற்றுப் பானை எதற்கு உதவியது என்பது 2022 இல் தெரிந்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை, எரிவாயு இல்லை, மின்வெட்டு வேறு. உன் அப்பாவுக்கு மூச்சு முட்டிய அந்த இரவில் வாகனம் ஒன்றும் கிடைக்காமல் நான் வாசலில் நின்றபோது, முச்சக்கர வண்டிக்காரர் தன் உழைப்புக்கென்று வைத்திருந்த பெற்றோலில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், காசு வாங்கவில்லை. எரிவாயு முடிந்த வீடுகளுக்கு ஹாஜியார் வீட்டு முற்றத்து விறகடுப்பு பொதுவாயிற்று. ஒரு நாய்க்குச் சோறு போட்டதற்குக் கிடைத்த கூலி இது என்று நான் சொல்ல வரவில்லை. முறை வைத்துச் சமைக்கும்போது யார் வீட்டில் நோயாளி இருக்கிறார், யாருக்கு வேலை போய்விட்டது என்பதெல்லாம் தெரியவந்தது. தெரிந்த முகத்துக்கு உதவுவது எளிது. அந்நியரை அறிமுகமாக்கும் வேலையைச் செய்தது ஒரு பானையும் ஒரு முறைப் பட்டியலுமே.

ஆனால் அறிமுகமே இல்லாத இடத்திலும் உதவி வந்ததுண்டு. 83 ஆடிக் கலவரத்தில், வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழரின் வீடுகளைத் தேடி வந்தவர்கள் இதே கொழும்பில்தான் இருந்தார்கள். நான் அப்போது இளம்பெண். இரண்டு வீடு தள்ளியிருந்த சிங்களக் குடும்பத்தினர், எங்கள் பெயர்கூடச் சரியாகத் தெரியாதவர்கள், பின்மதில் வழியாக எங்களை உள்ளே எடுத்துத் தங்கள் சாமான் அறையில் வைத்திருந்தார்கள். வாசலில் கேட்டவர்களிடம் "இங்கே ஒருவரும் இல்லை" என்று அந்த வீட்டு அம்மா சொன்ன குரல் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அதே தெருவில் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள், ஆட்களைக் காட்டிக்கொடுத்தவர்களும் இருந்தார்கள். அந்த ஒரு கதவு திறந்ததால் கலவரம் நிற்கவில்லை, எரிந்த கடைகளில் ஒன்றேனும் மீளவில்லை, நீதியும் கிடைக்கவில்லை. அந்த அம்மாவின் செயலை நல்லிணக்கத்தின் அடையாளம் என்று மேடையில் பேசுபவர்களைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அது எங்களுக்குச் செய்த காரியம், அவ்வளவுதான். நீ மெல்பேர்னில் இருந்துகொண்டு என்னிடம் கணக்குக் கேட்பதும் அந்தக் கதவு திறந்ததால்தான் நடக்கிறது.

அப்பாவின் கண்களைப் பற்றியும் எழுத வேண்டும்; நாம் அதைச் சரியாகப் பேசவே இல்லை. அவர் காலமான அன்று கண்தானச் சங்கத்துக்கு நான் அறிவித்தபோது, காணொளி அழைப்பில் நீ தயங்கினாய். உனக்குத் தெரியாத வரலாறு ஒன்று அதற்குள் இருக்கிறது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். 1964 இல் முதன்முதலாக இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் போயின; பின்னர் எத்தனையோ நாடுகளுக்கு இந்தச் சின்னத் தீவிலிருந்து கருவிழிகள் போய்க்கொண்டிருக்கின்றன. கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதனால் சிறுநீரகத்துக்குப் போல இன்னாருக்கு இன்னார் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை. எந்த இனத்தவர் கண்ணும் எந்த நாட்டவருக்கும் பொருந்தும். எடுப்பதானால் இறந்து சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமைகளை மூடி, மின்விசிறியை நிறுத்தி, நனைத்த பஞ்சை மேலே வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வைக்கச் சொன்னார்கள். அழுவதற்கு முன்னர் எனக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. அது பெரிய உதவி. வந்தவர்கள் அடக்கமாக வந்து, முடித்து, முகம் மாறாமல் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கண்கள் யாருக்குப் போயின என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. என்னுடைய படிவமும் அலுமாரியில் மேல் தட்டில், வங்கிப் புத்தகத்துக்குக் கீழே இருக்கிறது. அன்றைக்கு யாரும் தேடி அலையத் தேவையில்லை.

விலங்குகளிடம் அன்பு காட்டுபவர் மனிதரிடமும் அன்பாக இருப்பார் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். நான் அதை முழுதாக நம்பவில்லை. நம் தொடர்மாடியில் பூனைகளுக்குச் சூடை மீன் அவித்துக் கொடுக்கும் ஓர் அம்மா இருக்கிறார். வீட்டுவேலைக்கு வரும் பெண்ணைக் கதிரையில் இருக்க விடமாட்டார். காலி வீதிச் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கும் மலையகப் பிள்ளையை முதலாளி பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டே, மீந்த றொட்டியை நாய்க்கு எறிந்துவிட்டுப் போகிறவர்களையும் பார்க்கிறேன். ஓரிடத்துப் பழக்கம் தானாக மற்றோரிடத்துக்குப் போவதில்லை. அங்கேயும் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன். "தம்பி" என்று கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசினால், முதலாளியும் என் முன்னிலையில் குரலைத் தணிக்கிறார். நான் போன பிறகு என்ன நடக்கிறதோ தெரியாது.

சட்டமும் இப்படித்தான் அரைகுறை. விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அதில் விதிக்கப்பட்ட தண்டப்பணம் நூறு ரூபா. இன்று அந்தக் காசுக்கு ஓர் இறாத்தல் பாணும் வராது. 2006 இல் சட்ட ஆணைக்குழு வரைந்து கொடுத்த புதிய சட்டமூலம் பல ஆண்டுகள் கிடப்பிலேயே கிடந்தது. சட்டம் வரும்வரை காத்திருந்தால் கறுப்பி இன்னும் எத்தனை ஈற்றைக் காலி வீதிக்குக் கொடுத்திருக்குமோ.

கறுப்பி இப்போது சுகமாக இருக்கிறது. தையல் ஆறிவிட்டது, காது நுனியில் சின்ன வெட்டு அடையாளம் வைத்திருக்கிறார்கள், மறுபடி யாரும் பிடித்துக்கொண்டு போகாமலிருக்க. அதைப் பிடித்து வண்டியில் ஏற்றியவர் முச்சக்கர வண்டிக்காரர்தான். அவருக்கு மட்டுமே அது வசப்படும். கூலியை இம்முறை வற்புறுத்திக் கொடுத்தேன். செலவுச் சிட்டையைப் படம் எடுத்து அனுப்புகிறேன், பார்த்துக்கொள்.

இன்னும் ஒரு விடயம். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இரண்டு பெட்டைகள் திரிகின்றன. ஒன்றுக்கு இப்போதே வயிறு கனத்திருக்கிறது. அது குட்டி போட்டுப் பால்குடி மறந்த பிறகு இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம் என்று மிருக வைத்தியர் சொன்னார். செலவில் பாதியை ஒழுங்கைக்காரர் சேர்ப்பார்கள். மறுபாதியை நீ அடுத்து அனுப்பும் காசிலிருந்து எடுக்க நினைத்திருக்கிறேன். உனக்கு விருப்பமில்லையென்றால் முன்கூட்டியே சொல்லிவிடு. என் ஓய்வூதியத்தில் பார்த்துக்கொள்கிறேன். உனக்கும் கையிருப்பு வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காலுறை போட்டுக்கொள்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா