150 ஜிஎஸ்எம் என்று விற்ற படுதா 94 நிற்கிறது: தரைப்படுதா, ஃபோம் பாய் செட் குறித்த புகார்

அனுப்புநர்:
இரவுத் தூண்டில் போடும் ஐந்து வாடிக்கையாளர்கள்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தரைப்படுதா, ஃபோம் பாய் ஐந்து செட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

8-க்கு 10 அடி தரைப்படுதாவும் 10 மி.மீ. ஃபோம் பாயும் சேர்ந்த செட் ஐந்தை உங்களிடம் வாங்கினோம். செட் 1,890 ரூபாய், மொத்தம் 9,450. படுதாவில் தண்ணீர் ஏறுகிறது என்று எழுதியதற்கு, அது கசிவே அல்ல, தரையின் ஆவி படுதாவில் வேர்ப்பதுதான், பொருளில் குறையில்லை என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அதை ஏற்பதற்கில்லை. அளந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

வேர்ப்பது எப்படி இருக்கும் என்பது தெரியும். கெளுத்திக்கும் விலாங்குக்கும் ராத்திரிதான் நேரம். மார்கழி, தையில் சீவலப்பேரிப் பக்கம் ஆற்றங்கரையில் படுத்தால், பகலில் சூடேறிய வண்டலிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த படுதாவின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகப் படியும். எந்தப் படுதாவானாலும் படியும். ஆனால் ஆள் படுத்த இடம், படுக்காத இடம் என்று பாராமல் ஒரே சீராகப் படியும். ஃபோமுக்கு அடியிலும் உடம்பின் ஆவி கொஞ்சம் நிற்கும். இரண்டையும் துடைத்தால் தெளிந்த நீர். உங்கள் படுதாவில் ஈரம் மேல்பக்கம் வருகிறது, அதுவும் இடுப்பு, முழங்கை, மண்டியிடும் இடம் என்று பாரம் விழுகிற இடத்தில் மட்டும். வெள்ளை வேட்டித் துணியால் ஒற்றினால் வண்டல் நிறம் ஒட்டுகிறது. ஆவி மண்ணைத் தூக்கிக்கொண்டு வராது.

அடுத்து எடை. உறையில் 150 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம், என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 8-க்கு 10 அடி என்றால் 7.43 சதுர மீட்டர்; எடை 1,115 கிராம் வர வேண்டும். சமையலறைத் தராசில் 640 கிராம்தான் வந்தது. அளவும் குறைவு: விளிம்பு மடித்துத் தைத்த பிறகு 7 அடி 8 அங்குலத்துக்கு 9 அடி 7 அங்குலம். வெட்டு அளவைப் போட்டுத் தைத்த அளவைக் கொடுப்பது படுதா வியாபாரத்தில் பழைய பழக்கம், அதை நாங்கள் பெரிதாக்கவில்லை. கையில் உள்ள அளவையே எடுத்தாலும் 6.83 சதுர மீட்டர். 640-ஐ வகுத்தால் 94 ஜிஎஸ்எம்கூட முழுதாக இல்லை. அந்த 640-க்குள் ஐலெட்டும் (கயிறு கட்டும் உலோக வளையம்) விளிம்புக் கயிறும் அடக்கம். ஐந்து படுதாவையும் நிறுத்தோம். ஒன்றுக்கொன்று 15 கிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லை. ஒரு பீஸ் தவறி வந்தது என்று சொல்ல வழியில்லை.

'5,000 மி.மீ. நீர்த்தாங்கு திறன்', அதாவது 5 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தையும் கசியாமல் தாங்கும் என்பதற்காகத்தான் இந்தப் படுதாவைத் தேர்ந்தெடுத்தோம். காரணம் கணக்கில் இருக்கிறது. 70 கிலோ ஆள் மண்டியிட்டுக் கூடாரத்துக்குள் நுழையும்போது, காலுக்குப் போகும் பாரம் போக 50 கிலோவாவது முழங்கால் இரண்டிலும் இறங்கும். தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 100 சதுர செ.மீ. அப்படியானால் ஒரு சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ, அதாவது 5 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். மல்லாந்து படுத்தால் பாரம் பரவிவிடும், அதில் பாதிகூட வராது. ஆகவே ஈரத்தரையில் படுக்கிறவனுக்கு 5,000 என்பது ஆடம்பரம் இல்லை, அடிப்படைத் தேவை.

அந்த எண்ணை வாளியும் கயிறும் வைத்துச் சோதித்தோம். படுதாவைத் தொட்டில்போல நான்கு பக்கமும் தூக்கிக் கட்டி, நடுவில் 15 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அடியில் உலர்ந்த செய்தித்தாள் விரித்து அரை மணி நேரம் விட வேண்டும். 5,000 மி.மீ. தாங்குகிற துணிக்கு 150 மி.மீ. ஒரு பொருட்டே அல்ல. முதல் படுதாவில் ஏழு இடத்தில் சொட்டியது. தூண்டில் முள் குத்திய இரண்டு துளை எங்களுடையது. அவற்றை ஒட்டு போட்டு அடைத்துவிட்டுத்தான் எண்ணினோம். ஏழும் மடிப்புக் கோட்டின் மேல். அதில் ஐந்து, நெடுக்கு மடிப்பும் குறுக்கு மடிப்பும் வெட்டிக்கொள்ளும் முனையில். இருட்டில் அடியில் டார்ச் பிடித்தால் அந்த முனைகளில் நெசவின் மேல் ஒட்டிய லேமினேஷன் படலம் உரிந்து, நெசவு இழைகளுக்கு இடையே வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரிகிறது. புழங்கிய படுதா என்று சொல்வீர்கள். உறை பிரிக்காத ஐந்தாவது படுதாவையும் அதே தொட்டிலில் போட்டோம். நான்கு இடத்தில் சொட்டியது. மெல்லிய லேமினேஷனைச் சின்னப் பைக்குள் திணிக்க வேண்டும் என்று பதினாறாக மடித்து அழுத்தியதால் வந்த வினை இது. சுருட்டி அனுப்பியிருந்தால் இதே துணி இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்.

ஐலெட்டைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மூன்றடிக்கு ஒன்று என்றீர்கள், நீளப் பக்கத்தில் ஐந்தடிக்கு ஒன்று இருக்கிறது. அலுமினியம், அடியில் ஒட்டுத்துணி இல்லை. ஆடிக் காற்றில் மூலை ஐலெட் துணியோடு பிய்ந்து வருகிறது. உவரிக் கடற்கரை மணலில் முளை நிற்காது என்பதால் மணல் நிரப்பிய பையில்தான் கட்டுகிறோம். பை அசையவில்லை, ஐலெட்தான் போனது.

ஃபோம் பாயை 'தண்ணீர் குடிக்காத மூடிய செல் ஃபோம், 10 மி.மீ.' என்று விற்றிருக்கிறீர்கள். தடிமன் 7 மி.மீ. மூலையில் 10 செ.மீ. சதுரம் வெட்டி நிறுத்தால் 3 கிராம்; தண்ணீரில் அமுக்கிப் பிழியாமல் எடுத்தால் 38 கிராம். மூடிய செல்லாக, அதாவது உள்ளே உள்ள குமிழிகள் ஒன்றோடொன்று திறக்காமல் இருந்தால், மேற்பரப்பில் ஒட்டுகிற நீரைத் தவிர ஏறாது. இது பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் அண்ணன். படுதா கசிய, இது உறிஞ்ச, மேலே விரித்த கோரைப்பாய் வரைக்கும் ஈரம் வருகிறது. கோரை நனைந்தால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். பட்டமடைப் பாய் என்றால் அந்த நஷ்டம் உங்கள் செட்டின் விலையைத் தாண்டும்.

உங்கள் விற்பனைப் படத்திலும் ஒரு தவறு இருக்கிறது. கூடாரத்துக்கு வெளியே சுற்றிலும் ஓரடி படுதா நீட்டிக்கொண்டிருக்கிறது. 'பெரிதாக வாங்குங்கள்' என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். கூடாரச் சுவரில் வழியும் பனியும் மழையும் அந்த நீட்டலில் விழுந்து நேராக அடிக்குள் ஓடும். கூடாரத்துக்கு அடியில் போடும் படுதா, கூடாரத்தின் தரையைவிடப் பக்கத்துக்கு 5 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் உள்பக்கமாக, அடிப்புறம் மடித்துவிட வேண்டும். விரிக்கும் முன் உடைமுள்ளையும் நெருஞ்சியையும் கூட்டித் தள்ள வேண்டும் என்றும், காலையில் தேளுக்குப் பயந்து உதறித்தான் எடுக்க வேண்டும் என்றும் ஒரு வரி போட்டால் புதிதாக வாங்குகிறவருக்கு உதவும்.

எங்கள் கோரிக்கை: 15 நாட்களுக்குள் 9,450 ரூபாயையும் திருப்பி அனுப்பும் செலவையும் தர வேண்டும். மாற்றுப் பொருள் வேண்டாம். ஜிஎஸ்எம், அளவு, நீர்த்தாங்கு திறன் மூன்றையும் உறையிலும் விற்பனைப் பக்கத்திலும் திருத்த வேண்டும். 5,000 என்ற எண்ணுக்குச் சோதனைச் சான்று இருந்தால் நகல் அனுப்புங்கள். உறையில் தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அது இருந்தாக வேண்டும்.

பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி திருநெல்வேலி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்போம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

தராசு, தொட்டில் சோதனை, டார்ச் வெளிச்சப் படங்களை இணைத்திருக்கிறோம். செட்டுகளைக் கழுவி நிழலில் காயவைத்துச் சுருட்டி வைத்திருக்கிறோம். எடுக்க வருகிறவரிடம் மடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். சொட்டுகிற இடங்களில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஐந்து வாடிக்கையாளர்கள்