பிழைத்த ப்ரூஃப்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கவிதை படிக்க டோக்கியோ போனால், பழைய கையெழுத்துப் படிகளில் எந்த எழுத்து எங்கே மாறுகிறது என்று குறிக்கவே பொழுது போகிறது, இதில் என் பெயர் எங்கே வரப்போகிறது என்று போனில் கேட்டாய். அப்பா "பேசாமல் வந்துவிடட்டும்" என்கிறார். அவர் கிடக்கட்டும்.

நீ சொல்வாயே, சசாகி நொபுட்சுனா, அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். தகப்பனாரும் கவிதை அறிஞர்; சின்ன வயதிலேயே, ஜப்பானின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான மன்யோஷுவின் பாட்டுகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார். 1905இலிருந்து பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், கூடவே கவிதைப் பத்திரிகை. இதெல்லாம் சரி. என்னைப் பிடித்து உட்கார வைத்தது 1912இல் அவர் தொடங்கிய வேலைதான். சிலரைச் சேர்த்துக்கொண்டு, இருபது தொகுதிகளில் உள்ள சுமார் 4500 பாட்டுகளுக்கும் கிடைத்த படிகளையெல்லாம் ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்துக்கொண்டே போனார்கள். நீ அலுத்துக்கொள்ளும் அதே வேலை. 1923 செப்டம்பரில், வெளிவரும் நேரத்தில், டோக்கியோவில் பூகம்பம். அச்சான தாள்களும் கையெழுத்துப் பிரதியும் தீயில் போயின. பிழை திருத்த எடுத்த ப்ரூஃப் மட்டும் அவரிடமும் குழுவில் இருந்த தக்கேதா யூகிச்சியிடமும் தப்பியிருந்தது. அதை வைத்தே 1924-25இல் 25 பகுதிகளாகக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தே காலம் தள்ளியவள் நான். ஃபாரம் அச்சேறியதும் ப்ரூஃபைப் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிடுவோம். அவர்கள் எடுத்து வைத்திருந்தார்கள் என்பதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பெயர் கேட்டாயே, அதற்கு இன்னொருவர் இருக்கிறார். அந்தக் குழுவிலேயே இருந்த ஹஷிமோட்டோ ஷின்கிச்சி. இன்று ஒரே மாதிரி ஒலிக்கும் கி, மி, கோ போன்ற அசைகள் அந்தக் காலத்தில் இரண்டிரண்டாக இருந்தன என்று 1917இல் எழுதினார். நம் ஊரில் ழவையும் ளவையும் ஒன்றாகப் பேசினாலும் எழுத்தில் பிரித்து வைத்திருக்கிறோமே, அதுபோல அவர்களும் குழப்பாமல் தனித்தனி எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் நோரினகாவின் மாணவர் ஒருவர் முன்பே இதைக் கண்டிருந்தும் யாரும் சட்டை செய்யவில்லையாம்! எழுத்தை எண்ணிப் பார்க்காமல் இது கண்ணில் படுமா, சொல்லு.

அதனால் இந்த வருடம் முடியும்வரை உன் பேராசிரியரோடு மல்லுக்கு நிற்காதே. அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம், நீ குறித்ததெல்லாம் அந்த ஒரு லேப்டாப்பில்தானே இருக்கிறது? இன்றைக்கே அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பு. அனுப்பியதும் எனக்குச் சொல்.

அம்மா