மலர்கள் தமிழாகவே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் நம் சங்கங்களும் கோயில்களும் வாசகர் வட்டங்களும் ஆண்டு மலரை இப்போது பிடிஎஃப் கோப்பாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றன. செலவு மிச்சம், நல்லதுதான். ஆனால் அவற்றில் பல, கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். பார்வை மங்கிய என் தோழி ஒருவர் எதையும் கைப்பேசியைப் படிக்கச் சொல்லித்தான் கேட்பார். அண்மையில் அப்படி ஒரு மலரைத் திறந்தார். ஆங்கில எழுத்துகளைத்தான் அது வரிசையாக ஒப்பித்தது. அதில் அவருடைய அண்ணனைப் பற்றிய கட்டுரையும் இருந்தது.

காரணம் பழைய எழுத்துரு. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். தாளில் அச்சிட்டவரை யாருக்கும் நட்டமில்லை. மின்கோப்பில் அப்படியில்லை, ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, ஒரு பத்தியை நகலெடுத்தால் கிறுக்கல்தான் வரும். 1995ல் சிங்கப்பூர்க் கவிதைகளைத் தமிழிலும் இணையத்தில் ஏற்றிய நா. கோவிந்தசாமி வாழ்ந்த ஊர் இது. 1997ல் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு நடந்ததும் இங்கேதான். இந்த ஊரில் இன்னும் இப்படி நடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நல்ல மென்பொருளுக்குப் பணம் வேண்டுமே என்பார்கள். வேண்டாம். எங்கள் வாசகர் வட்டத் தொகுப்பை நான் டெக் என்ற இலவச மென்பொருளில்தான் வடிவமைக்கிறேன். தம்முடைய நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பின் அழகின்மையைப் பொறுக்காமல் பேராசிரியர் டொனால்ட் குனூத் 1977ல் தொடங்கிய வேலை அது. அதை எளிதாகப் பயன்படுத்த உதவும் லேடெக்கை அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் கட்டினார். 2004ல் டெக்கின் புதிய வடிவமாக ஜானத்தன் கியூவின் ஸீடெக் வந்தபிறகு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் முறையில் தட்டச்சு செய்த தமிழை அப்படியே கொடுத்தால் போதும் என்றாகிவிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வரி அமைப்பு. 'பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' போன்ற சொல் வரி முடிவில் வந்தால், சாதாரண மென்பொருள் அதை அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு மிச்சச் சொற்களை இழுத்துப் பரப்பும்; பத்தி நடுவே வெள்ளை ஓட்டைகள் விழும். டெக் வரி வரியாக முடிவெடுப்பதில்லை. பத்தி முழுவதையும் எடைபோட்டு, எங்கெங்கே மடித்தால் இடைவெளி சீராக வரும் என்று பார்க்கும். சொல்லை எந்த இடத்தில் உடைக்கலாம் என்பதற்குத் தமிழுக்கென்றே விதிகள் அதில் உண்டு. இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த பக்கத்தில்கூட எழுத்து அடர்த்தி மாறாமல் நிற்பதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கும்.

யூனிகோடிலும் ஒரு சிக்கல் உண்டு. கொம்பு பார்வைக்கு மெய்யெழுத்தின் முன்னால் நிற்கும், கணினியின் கணக்கில் அதற்குப் பின்னால் வரும். அதனால் சில பிடிஎஃப்களில் 'கொ', 'கெ' எல்லாம் நகலெடுக்கும்போது சிதறிவிடும். ஸீடெக்கில் ஒரு கட்டளை சேர்த்தால் மூல எழுத்தும் கோப்புக்குள்ளேயே சேர்ந்து போகும். தேடல் சரியாக நடக்கும்.

கட்டளைகளைக் கையால் எழுதிப் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், மறைக்கவில்லை. படம் நிறைந்த மலருக்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வசதி. வெறும் கட்டுரைகள்தான் என்றால் லிப்ரே ஆஃபீசும் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவும் போதும். எல்லாமே இலவசம்.

மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். வடிவமைப்பாளர் கோப்பை அனுப்பியதும், ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி. வராவிட்டால் பணம் கொடுக்கும் முன்பே திருப்பி அனுப்புங்கள். அப்புறம், ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழாவில் இதற்கென ஓர் அரைநாள் பட்டறை வைக்க வளர்தமிழ் இயக்கம் முன்வர வேண்டும். எங்கள் தொகுப்பின் மாதிரிக் கோப்பைக் கேட்பவர் எவருக்கும் தருகிறேன். உடன் உட்கார்ந்து சொல்லித்தரவும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஈசூன்